ஆண்டு எண் தேய்ந்த 'திருமன்னி' கல்வெட்டு: காலம் கணிப்பது எப்படி?

கேள்வி:
தொடக்கத்தில் 'திருமன்னி' தெளிவு, அடுத்த சொல் போய்விட்டது. நடுவில் 'சக்கரக்கோட்ட' (பஸ்தர் பக்கத்து ஊர்) வரை படிக்க முடிகிறது. 'யாண்டு' (ஆட்சியாண்டு) என்பதற்குப் பிறகு கல் பொரிந்திருக்கிறது. முதலாம் ராஜேந்திரன்தானே? மெய்க்கீர்த்தியை (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் பாடும் பகுதி) வைத்து ஆண்டைப் பிடிக்க முடியுமா?

பதில் 1:
ராஜேந்திரன் என்றால் முடியும். நாடு விரிய விரிய அவன் மெய்க்கீர்த்தியும் நீண்டது. இடைதுறைநாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை, மண்ணைக்கடக்கம் முதலில். பிறகு ஈழத்தரசர் முடி, அவர் தேவியர் முடி, பாண்டியன் அங்கே வைத்துப்போன சுந்தர முடியும் இந்திரன் ஆரமும். அதன்பின் கேரளர் முடி, சாந்திமத்தீவு, முயங்கியில் சாளுக்கிய அரசன் சயசிங்கன் தோல்வி. சக்கரக்கோட்டத்தில் தொடங்கும் வடநாட்டுப் பட்டியல் கங்கையில் முடியும். கடைசியாகக் கடாரம் (மலாய்த் தீபகற்பத்தில் உள்ளது). போளூர் பக்கத்துத் திருமலையில் உள்ள 13ஆம் ஆண்டுக் கல்வெட்டு கங்கையோடு நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் 19ஆம் ஆண்டுக் கல்வெட்டில் கடாரம் வந்துவிடுகிறது.

ஆட்சியாண்டை 1012இலிருந்து எண்ணுங்கள். ராஜராஜன் மறைந்த 1014இலிருந்து எண்ணினால் இரண்டு ஆண்டு தள்ளிப்போகும். 13ஆம் ஆண்டு என்பது 1024-25.

பதில் 2:
ஒரு எச்சரிக்கை. 'கடாரம் இல்லை, ஆகவே 1025க்கு முன்' என்று சொல்ல, கங்கைக்கு அடுத்தே 'கோப்பரகேசரி' என்ற அரசன் பட்டப்பெயர் தொடங்குவது கல்லில் தெரிய வேண்டும். நடுவில் உடைந்திருந்தால் அந்த வாதம் நிற்காது. 'பூர்வதேசமும் கங்கையும் கடாரமும் கொண்ட' என்று ஒரே வரியில் முடிக்கும் கல்வெட்டுகளும் உண்டு. நீளத்தை மட்டும் பார்த்தால் பிந்தையதை முந்தையது என்று நினைத்துவிடுவோம். திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இன்னொரு சிக்கல்: தானம் 6ஆம் ஆண்டு, ஆனால் வடமொழிப் பகுதி கடாரம்வரை பேசுகிறது. அந்தப் பகுதி பின்னால் எழுதிச் சேர்த்தது.

எண் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் கவனம். வால் தேய்ந்த ௯ (9), ௧ (1) மாதிரியே இருக்கும்.

பதில் 3:
எல்லோரும் ஆளை முடிவு செய்துவிட்டுப் பேசுகிறீர்கள். முதலாம் குலோத்துங்கனும் 1070இல் பட்டமேறிய புதிதில் 'ராஜேந்திர சோழ தேவர்' என்றுதான் கல்லில் வருகிறான். அந்தத் தொடக்க ஆண்டுகளில் அவன் மெய்க்கீர்த்தி 'திருமன்னி விளங்கும்' என்று தொடங்கும். கங்கை கொண்ட முதலாம் ராஜேந்திரனுடையது 'திருமன்னி வளர'. இரண்டிலும் சக்கரக்கோட்டம் உண்டு!

பிரித்துக் காட்டுவது சொல்லின் ஈறு. ராஜேந்திரனுக்கு 'சக்கரக்கோட்டமும்', அடுத்து 'மதுரமண்டலமும்' (நம் மதுரை இல்லை, பஸ்தர் பக்கத்துப் பட்டியலில் வருவது). குலோத்துங்கனுக்கு 'சக்கரக்கோட்டத்துத் தாராவரசனை' (அங்கே ஆண்ட தாரா என்ற அரசனை). அதற்குச் சற்று முன்னால் வயிராகரம் என்ற இடத்து யானைகள் வரும். பட்டப்பெயரையும் பாருங்கள்: முதலாம் ராஜேந்திரன் பரகேசரி, குலோத்துங்கன் ராஜகேசரி. படியெடுத்த தாளில் அந்த இடத்தைச் சாய்வான வெளிச்சத்தில் இன்னொரு முறை பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன். 'ட்ட'வுக்குப் பிறகு 'த்து' இருக்கிறது. அடுத்த வரியில் 'தாரா' வரை தேறுகிறது. பட்டப்பெயரில் 'கேசரி' மட்டும்தான் மிச்சம்.

பதில் 3:
'தாரா' போதும். குலோத்துங்கன்தான், 1070களின் முற்பகுதி.