மறு: மூலிகைச் சேர்மங்களின் ‘நச்சுத்தன்மைச் சோதனை’ – எதன் நஞ்சு?

அன்பர்களுக்கு வணக்கம்.

> ‘நச்சு எதிர்ப்பு மூலிகைச் சேர்மங்களின் நச்சுத்தன்மைச் சோதனை’ என்றே போட்டுவிடலாமே. புரிகிறதுதானே?

புரியவில்லை ஐயா. அதனால்தான் இழையை மறுபடி இழுக்கிறேன். பாம்புக்கடிக்கு உதவும் என்று கருதப்படும் மூலிகைச் சேர்மங்கள் தாமே தீங்கு செய்யுமா என்று பார்க்கும் சோதனைக்குத் தமிழில் என்ன பெயர் என்பதுதானே நம் கேள்வி.

நான் தமிழ் பார்த்துக் கொடுக்கும் மாணவியின் ஆய்வுச் சுவரொட்டியில் ஒரு வரி: “இச்சேர்மம் நச்சுத்தன்மையற்றது.” எங்கள் வீட்டில் சமைக்கும் அக்காவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். திருவள்ளூர் பக்கத்துக் கிராமம் அவருக்கு. அண்ணன் மகனைக் கட்டுவிரியனுக்குப் பறிகொடுத்தவர். கேட்டதும், “அப்போ இதைக் குடிச்சா பாம்பு விஷம் ஏறாதா?” என்றார். மாணவி சொல்ல வந்தது, பார்த்த அளவுவரை அந்தச் சேர்மம் உயிரணுக்களைக் கொல்லவில்லை என்பது மட்டுமே. கடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல் வேரை அரைத்துக்கொண்டு உட்கார வைத்துவிடும் வரி அது. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்று 2020இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. சொல்லில் நாம் கவனமாக இருக்க இதைவிடக் காரணம் வேண்டாம்.

சிக்கல் இதுதான்: பாம்பிடம் இருப்பதும் நஞ்சு, மூலிகையில் இருக்கக்கூடியதும் நஞ்சு. ஒரே தொடரில் இரண்டும் வந்தால் எதைச் சோதித்தார்கள் என்பது மறைந்துவிடுகிறது. பாம்பிடம் இருப்பதற்குக் ‘கடிநஞ்சு’, ‘தீண்டுநஞ்சு’ என்று இருவர் முன்வைத்திருந்தீர்கள். இரண்டும் அழகுதான், ஆனால் தேள் கடிப்பதில்லை, கொட்டுகிறது. இந்தச் சுவரொட்டியில் வருவது பாம்பு மட்டும். ‘பாம்பு நஞ்சு’ என்று எழுதினால் போயிற்று. பழகிய சொல் இருக்கும் இடத்தில் புதிதாக ஒன்றைச் செய்வதில் எனக்கு விருப்பமில்லை.

புதுச்சொல் தேவைப்படுவது மறுபக்கத்துக்கு. மூலிகை தன் பங்குக்கு என்ன கேடு செய்யும் என்று பார்ப்பதற்கு.

அது வெறும் சம்பிரதாயச் சோதனை இல்லை என்பதற்கு நம் ஊர்ச் செடியே சாட்சி. ஈச்சுரமூலியையும் ஆடுதீண்டாப்பாளையையும் பாம்புக்கடிக்குக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இரண்டிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. கண்ணாடிவிரியன் நஞ்சில் உள்ள பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதியை அது ஆய்வகத்தில் உண்மையாகவே தடுக்கிறது. அந்தக் காலத்து வைத்தியர்கள் ஏதோ ஒன்றைக் கவனித்துத்தான் இருக்கிறார்கள். ஆனால் அதே அமிலம் மரபணுவில் ஒட்டிக்கொண்டு சிறுநீரகத்தைச் சிதைக்கும். சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வரவழைக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மாத்திரை உண்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. மாத்திரையில் கலந்திருந்தது இந்தச் செடியின் சீன உறவு. அரிஸ்டோலோக்கிக் அமிலமுள்ள செடிகள் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. ஆடுகூடத் தீண்டாது என்று பெயரிலேயே எழுதி வைத்தவர்களை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. அவர்களும் கேட்டிருக்கிறார்கள், இது தின்னத் தகுமா என்று.

> ‘பாதுகாப்புச் சோதனை’ என்பது எளிது, நேரடியானது.

சென்னையில் அந்தச் சொல்லை மீனம்பாக்கம் விமான நிலையமும் மெட்ரோ நிலையங்களும் எடுத்துக்கொண்டுவிட்டன, அம்மா. பையைக் கருவிக்குள் அனுப்புவதுதான் நினைவுக்கு வருகிறது. இன்னொரு தடையும் உண்டு: ‘பாதுகாப்பு’ என்பது முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆய்வகத்தில் தேடுவது தீங்கை. சிவப்பணு உடைகிறதா, சிறுநீரக உயிரணு சாகிறதா, எலியின் எடை குறைகிறதா என்று பார்க்கிறார்கள். தேடுவது எதுவோ அதுவே பெயரில் இருக்கட்டும்.

சித்த மருத்துவம் படித்த அன்பர் ‘சுத்தி’யை நினைவூட்டினார். நல்ல சொல், ஆனால் அது நஞ்சை நீக்கும் செய்முறை, சோதனை அன்று.

ஆகவே என் முன்மொழிவு: தீங்காய்வு. ‘தீங்கறி சோதனை’யும் மனத்தில் இருந்தது. எழுதிப் பார்த்தால் கண் ‘கறி’யில் போய் நிற்கிறது, விட்டுவிட்டேன்.

இதற்குக் கிளைகளும் எளிதாக வருகின்றன. ஒருமுறை கொடுத்துச் சில நாட்கள் பார்ப்பதைப் பலரும் ‘கடும் நச்சுத்தன்மை’ என்று எழுதுகிறோம். அது பிழை. அங்கே கடுமை பேச்சே இல்லை, காலம்தான் பேச்சு. ‘உடனடித் தீங்காய்வு’ எனலாம். 28 நாள், 90 நாள் என்று தொடர்ந்து கொடுத்துப் பார்ப்பது ‘தொடர் தீங்காய்வு’. ஈச்சுரமூலியின் கேடு மெதுவாக ஏறுவது. உடனடி ஆய்வில் தேறிவிடும் பொருள் தொடர் ஆய்வில் சிக்கலாம் என்பதைப் பெயரே வாசகருக்குச் சொல்லிவிடும்.

கடைசியாக ‘முறி’ பற்றி. ‘நஞ்சை நடுநிலையாக்கும்’ என்று எழுதாதீர்கள். அது அமிலத்துக்கும் காரத்துக்கும் ஆன சொல். மக்கள் ‘விஷம் முறிஞ்சது’ என்கிறார்கள், அதுவே போதும். ஆனால் ‘நஞ்சுமுறி’யைக் குதிரைச் சீரத்திலிருந்து (இரத்தத் தெளிநீரிலிருந்து) எடுக்கும் பாம்புக்கடி மருந்துக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். மூலிகைச் சாற்றையும் பாம்பு நஞ்சையும் குழாயில் முன்பே கலந்து வைத்தால், சாற்றிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் நஞ்சின் புரதங்களை எல்லாம் திரித்துவிடும். முறிந்தது போலத் தெரியும். கடிபட்ட உடம்பில் அப்படி முன்கூட்டிக் கலக்க முடியாதே. அத்தகைய முடிவுகளுக்கு ‘தடை’ என்ற அடக்கமான சொல் போதும்.

சுவரொட்டித் தலைப்பு இப்படி வரும்: “பாம்பு நஞ்சுக்குத் தடையாகக் கருதப்படும் மூலிகைச் சேர்மங்கள்: உடனடித் தீங்காய்வு”. அந்த வரியையும் மாற்றினேன்: “சோதித்த அளவுவரை இச்சேர்மம் உயிரணுக்களைக் கொல்லவில்லை. இது பாம்புக்கடிக்கு மருந்து அன்று.”

அக்காவிடம் மறுபடி படித்துக் காட்டினேன். “இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்கன்னு சொல்லுங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘தொடர்’ என்பதற்குப் பதில் ‘நாட்பட்ட’ நல்லதா என்று மட்டும் அதற்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
கோட்டூர்புரத்திலிருந்து