ஒரே அக்கா, இரண்டு சாட்

"அந்த ரசீதை அனுப்புக்கா" என்று கேட்டால் "நேற்றே அனுப்பிவிட்டேனே" என்பாள் அக்கா. போனில் தேடினால் இருக்காது. ஒரு மாதம் இப்படியே போனது. ஒருநாள் சண்டையே வந்துவிட்டது. அப்புறம் மடிக்கணினியைத் திறந்தால் ரசீது அங்கே இருக்கிறது, தனியாக வேறொரு சாட்டில்.

தப்பு என் செட்டிங்கில்தான். ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜில் போன் எண்ணும் ஒரு முகவரி, மின்னஞ்சலும் ஒரு முகவரி. என் போன், எண்ணிலிருந்து பேசியது, மடிக்கணினி மின்னஞ்சலிலிருந்து பேசியது. அக்காவின் போனில் மின்னஞ்சல் என் பெயரோடு சேர்த்துப் பதியப்படவில்லை, ஆகவே நான் அங்கே இரண்டு பேர். மின்னஞ்சலுக்கு அவள் போட்ட பதில், அந்த முகவரியை டிக் செய்திருந்த மடிக்கணினிக்கு மட்டும் போனது.

இரண்டு கருவியிலும் இரண்டு முகவரியையும் டிக் செய்தேன். புதுப் பேச்சு எண்ணிலிருந்தே தொடங்கட்டும் என்று மாற்றினேன். அக்காவும் என் மின்னஞ்சலைத் தன் போனில் என் பெயரிலேயே சேர்த்துக்கொண்டாள். பழைய செய்திகளும் எல்லாக் கருவியிலும் தெரிய, 2018இல் ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 11.4உடன் வந்த, செய்திகளை ஆப்பிளின் ஐகிளவுட் சர்வரில் வைக்கும் வசதியை இயக்கினேன். ஒன்றில் அழித்தால் எல்லாவற்றிலும் அழியும் என்பது மடிக்கணினியில் இடம் காலி செய்தபோதுதான் உறைத்தது! நல்லவேளை, அழிந்தது 'சமீபத்தில் அழித்தவை' பகுதியில் கிடந்தது.

*

எனக்கு வாட்ஸ்அப்பில் வேறு மாதிரிச் சிக்கல். ஒரே எண்ணை முதன்மைப் போன் தவிர நான்கு கருவிகளில் இணைக்கலாம், போன் அணைந்திருந்தாலும் ஓடும். ஆனால் அந்தப் போனை 14 நாள் தொடாவிட்டால் மற்றவை வெளியேறிவிடும். பயணத்தில் அதை அலமாரியில் வைத்துவிட்டுப் போய் மாட்டிக்கொண்டேன்.

எனக்கு இரண்டு எண். இரண்டையும் ஒரே போனில் வைக்கலாம், சரி, ஆனால் சாட்டுகள் ஒன்றாகாது. எண் வேறென்றால் கணக்கும் வேறுதான். மேட்ரிக்ஸ் என்ற செய்தி வலையமைப்போடு மற்றச் செயலிகளை இணைக்கும் பிரிட்ஜ் போட்டு எல்லாவற்றையும் ஒரே திரைக்குக் கொண்டுவந்தும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் பிரிட்ஜ் ஓடும் சர்வரில் செய்தியின் பூட்டு, அதாவது பிறர் படிக்காதபடி காக்கும் மறையாக்கம், திறந்து மறுபடி பூட்டப்படுகிறது. சர்வர் இன்னொருவருடையது என்பதால் மனசு ஒப்பவில்லை, கழற்றிவிட்டேன். "இனி இந்த எண்ணுக்கு மட்டும் அனுப்புங்கள்" என்று எல்லாருக்கும் சொன்னதுதான் வேலை செய்தது. மாமா மட்டும் இன்னும் பழைய எண்ணுக்கே அனுப்புகிறார்.

*

மெயிலிலும் இதே கதைதான். பழைய கணினி, மெயிலை அந்தக் கருவிக்கே இறக்கும் பாப்3 முறையில் மெயிலை இறக்கிக்கொண்டு சர்வரில் அழித்துக்கொண்டிருந்தது. போனில் பார்த்தால் பாதிதான் இருக்கும். மெயிலைச் சர்வரிலேயே வைத்து எல்லாக் கருவியிலும் காட்டும் ஐமேப்புக்கு மாறியதும் புது மெயில்கள் எங்கும் ஒன்றுபோல் தெரிகின்றன. பழையவற்றை ஐமேப் கோப்புறைக்குள் இழுத்துப் போட்டால் சர்வருக்கு ஏறிவிடும். இரண்டு வருட மெயில் ஏறிவிட்டது, இன்னும் மூன்று வருடம் பாக்கி.