வெப் சீரிஸுக்கு என் பாட்டைக் கேட்கிறார்கள், ஒப்பந்தம் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நானே எழுதி, மெட்டமைத்து, வீட்டில் ரெக்கார்ட் செய்து வெளியிட்ட பாட்டு ஒன்றை ஒரு வெப் சீரிஸின் பேருந்துக் காட்சிக்குக் கேட்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஒப்பந்தத்தில் 'உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக' என்று இருக்கிறது. தொகை எழுதும் இடம் மட்டும் காலி!

பாடலுக்கு ஓர் உரிமம், ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமம் என்பது தெரியும், இரண்டும் என்னிடம்தான். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அந்த வரியை அவ்வளவு கவனமாகப் போட்டிருப்பது இதனால்தான் போல.

'இந்த சீரிஸுக்கு மட்டும், மற்றவர்களுக்கும் கொடுக்கும் உரிமை என்னிடமே' என்று மாற்றச் சொன்னால் வாய்ப்பே போய்விடுமா? டிரெய்லருக்குத் தனியாகப் பணம் கேட்கலாமா? பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் சேர்ந்த பிறகு கையெழுத்துப் போடுவது நல்லதா, முன்பே போடலாமா? அப்புறம், வயலின் வாசித்த நண்பரோடு எல்லாம் வாய்ப்பேச்சுதான். அவரிடம் என்னவென்று எழுதி வாங்க வேண்டும்?

இசை ஒப்பந்தம் பார்க்கும் வக்கீல் யாராவது சென்னையில் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள்.