பாண்டாவைக் கண்டவர்களும் அதன் தடத்தைக் கண்டவர்களும்: அனுபவப் பகிர்வு

சீனாவின் செங்டு பாண்டா ஆய்வு மையத்துக்குப் போகிறவர்கள் முதலில் வெயிலைக் கணக்குப் பார்க்க வேண்டும். பாண்டா குளிர்ந்த மலைக்காட்டு விலங்கு. வெப்பம் 26 டிகிரியைத் தாண்டினாலே குளிரூட்டிய உள்ளறைக்குக் கூட்டிப் போய்விடுவார்கள், வெளிமுற்றம் வெறிச்சோடிவிடும். மையம் காலை 7.30க்குத் திறக்கிறது. காலை மூங்கில் போடும் நேரத்தில் உள்ளே இருந்தால்தான் நிதானமாகப் பார்க்க முடியும். பத்து மணிக்கு மேல் போனால் தூங்குகிற முதுகைத்தான் பார்க்கலாம். நுழைவுச்சீட்டைக் கடவுச்சீட்டு எண் கொடுத்து முன்பதிவு செய்துவிடுங்கள், வாயிலில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். குட்டிகள் பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பருக்குள் பிறக்கின்றன. கண் திறக்கவே ஆறேழு வாரம் ஆகும். ஆகவே தத்தித் தத்தி நடக்கும் குட்டியைப் பார்க்க ஆசைப்பட்டால் குளிர்காலம்தான் சரி.

அங்கே பெரும்புகழ் பெற்ற ஹுவா ஹுவா என்ற ஒரே பாண்டாவுக்காகக் காலைப்பொழுது முழுவதையும் வரிசையில் தொலைக்க வேண்டாம் என்பது என் கருத்து. கூட்டமில்லாத ஒரு முற்றத்தின் முன் நாற்பது நிமிடம் நின்று அங்குள்ள பாண்டா மூங்கில் தின்பதைப் பாருங்கள். மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு வளர்ந்து ஆறாவது விரல்போல் நிற்கும், தண்டைப் பிடிப்பது அதனால்தான். கடைவாயில் வைத்துப் பச்சைத் தோலை உரித்து எறியும். பிறகு தண்டை ஏறக்குறைய ஒரே நீளத் துண்டுகளாகக் கடித்து விழுங்கும். கரும்பு தின்கிற குழந்தையின் ஈடுபாடு அதில் தெரியும்.

———

மேலே சொன்ன "ஒரே நீளம்" சாதாரணச் செய்தி இல்லை. காட்டில் பாண்டாவை எண்ணியதே அதை வைத்துத்தான். காட்டுப் பாண்டாவை நேரில் பார்ப்பது அத்தனை அரிது. ஆண்டுக்கணக்கில் மலையேறும் களப்பணியாளர்களுக்குக்கூடப் பெரும்பாலும் கிடைப்பது எச்சம்தான். ஆனால் அந்த எச்சம் ஒரு பதிவேடு மாதிரி.

உண்ட மூங்கிலில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செரிப்பதில்லை. மூங்கிலையே நம்பி வாழ்ந்தாலும் குடல் இன்னும் ஊனுண்ணியின் குட்டைக் குடல்தான். அதனால்தான் ஒரு நாளைக்கு 12 முதல் 38 கிலோ வரை தின்ன வேண்டியிருக்கிறது. அதில் பெரும்பகுதி நாராகவே வெளியே வந்துவிடும். இரு முனையும் கூம்பிய கதிர் வடிவக் கட்டிகள், உள்ளே தண்டுத் துண்டுகள் நெடுக்குவாட்டில் அடுக்கியிருக்கும். இலை தின்ற நாளில் கரும்பச்சை, குருத்து தின்ற நாளில் வெளிர் மஞ்சள். பிரித்து நூறு துண்டுகளை அளந்து சராசரி எடுப்பார்கள். இரண்டு எச்சங்களின் சராசரி 2 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் இரண்டும் வெவ்வேறு பாண்டாவினுடையவை என்பது கணக்கு.

பிழை எங்கே வரும் என்றால், முதலாவது, இலை மட்டும் தின்னும் பருவத்தில் அளக்கத் தண்டே இருக்காது. இரண்டாவது, வளரும் குட்டியின் கடி நீளம் மாறிக்கொண்டே போகும். மூன்றாவதுதான் பெரியது: ஒரே கடி நீளம் உள்ள இரண்டு பாண்டாக்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தால் ஒன்றாகவே எண்ணப்படும். இதற்கு மாற்று டி.என்.ஏ. சோதனை: எச்சத்தின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சளிப்படலத்தில் குடல் செல்கள் இருக்கும், அதிலிருந்து டி.என்.ஏ. எடுக்கலாம். மழை கழுவுவதற்கு முன், படலம் மினுமினுப்பாக இருக்கும்போதே மேலடுக்கை மட்டும் சுரண்டி எத்தனாலில் போட வேண்டும். நடுவில் தோண்டி எடுத்தால் மூங்கில் நார்தான் கிடைக்கும். வாங்லாங் காப்பகத்தில் பழைய முறையில் 27 என்று கணித்திருந்த இடத்தில், 2006இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு 66 பாண்டாக்களைக் காட்டியது. சீனாவின் நான்காவது தேசியப் பாண்டா கணக்கெடுப்பு சொன்ன 1864 என்ற எண்ணைப் படிக்கும்போது அதன் பின்னால் இருக்கும் இந்த உழைப்பையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

———

சிங்கப்பூரின் ரிவர் வொண்டர்ஸ் விலங்குப் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு: காய் காய் (ஆண்), ஜியா ஜியா (பெண்) இரண்டும் 2012 முதல் அங்கே இருக்கின்றன. கூடத்தை 18 முதல் 22 டிகிரிக்குள் வைத்திருப்பார்கள், சின்னக் குழந்தையோடு போனால் ஒரு மேல்சட்டை வேண்டும். நிலநடுக்கோட்டில் பருவமே கிடையாது என்பதால் வெளிச்சத்தையும் குளிரையும் கூட்டிக் குறைத்து வசந்தத்தைச் செயற்கையாக உண்டாக்குகிறார்கள். பெண் பாண்டா சினைக்கு வருவது ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் இரண்டு மூன்று நாள்தான். இவற்றின் குட்டி லெ லெ 2021 ஆகஸ்ட் 14இல் பிறந்து, 2024 ஜனவரியில் சீனாவுக்குப் போய்விட்டது.

———

நேரலைக் கேமராவில் பாண்டா சுருண்டு கிடந்து மூங்கிலைத் தொடாவிட்டால் உடனே பதற வேண்டாம். கரடுமுரடான நாரிலிருந்து குடலைக் காக்கும் சளி அவ்வப்போது மொத்தமாக வெளியேறும். அதற்கு முன் சோர்வும் பசியின்மையும் வரும், வெளியேறியதும் எழுந்து தின்னத் தொடங்கும். அதேபோல, பெண் பாண்டா கூடு கட்டுவதைப் பார்த்துக் கருவுற்றது என்று அறிவித்துவிடாதீர்கள். கரு இல்லாமலும் ஹார்மோன் அப்படியே ஏறும், நடத்தையும் அப்படியே மாறும். கரு கருப்பையில் பதிவது தள்ளிப்போவதால் ஸ்கேனில் தெரிவதே கடைசி வாரங்களில்தான்.

பிறக்கும்போது குட்டியின் எடை ஏறக்குறைய 100 கிராம், தாயின் எடையில் தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு. பாதிக்குப் பாதி இரட்டையாகப் பிறக்கும், ஆனால் தாய் ஒன்றைத்தான் வளர்க்கும். பராமரிப்பாளர்கள் ஒன்றை இன்குபேட்டரில் வைத்து, தேன் தண்ணீரோ மூங்கிலோ காட்டித் தாயின் கவனத்தைத் திருப்பி, குட்டிகளை முறை வைத்து மாற்றுகிறார்கள். இரண்டுக்கும் தாய்ப்பால் கிடைத்துவிடும். மனிதக் கை இவ்வளவு பொறுமையாகச் செய்யும் வேலைகள் குறைவு.

———

கூண்டுக்குள் எண்ணிக்கை கூடியதும் கவலை தீர்ந்தது என்று எண்ணுகிறவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன். மூங்கில் பூத்தால் அந்தத் தொகுதி மொத்தமும் பட்டுப்போகும். நமக்கு மூங்கில் அரிசி கிடைக்கிற காலம் என்றால் பாண்டாவுக்குப் பஞ்சகாலம். 1970களின் நடுவில் மின்ஷான் மலைகளில் பூத்துப் பட்டபோது குறைந்தது 138 பாண்டாக்கள் செத்துக் கிடந்தன. காடு தொடர்ச்சியாக இருந்தால் அடுத்த சரிவுக்குப் போய் வேறு மூங்கிலைத் தின்னலாம். சாலையும் வயலும் நடுவில் வந்துவிட்டதால் போக முடிவதில்லை. காட்டுப் பாண்டாக்கள் இன்று 33 தனித்தனிக் கூட்டங்களாகச் சிதறிக் கிடக்கின்றன. 2016இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தார் பாண்டாவை 'அழியும் நிலை'யிலிருந்து 'பாதிக்கப்படக்கூடிய நிலை'க்கு மாற்றினார்களே தவிர, இந்தத் துண்டாடல் மாறவில்லை. 2021இல் அமைந்த தேசியப் பூங்கா மூன்று மாகாணங்களில் விரிவது துண்டுகளை இணைக்கத்தான்.

சிறிய கூட்டங்களுக்குப் புது ரத்தம் சேர்க்கும் வேலையும் நடக்கிறது. மனிதப் பராமரிப்பில் வளர்ந்து 2006இல் காட்டில் விடப்பட்ட ஷியாங் ஷியாங் காட்டுப் பாண்டாக்களோடு மோதி, அடுத்த ஆண்டே இறந்துகிடந்தது. அதன் பிறகு முறையையே மாற்றினார்கள். குட்டியை மலைக்காட்டு அடைப்பில் தாயே வளர்க்கும். பரிசோதிக்கப் போகும் பணியாளர் பாண்டா உடை போட்டு, அதில் பாண்டாவின் சிறுநீரைத் தடவிக்கொண்டு போவார், மனித வாடை குட்டிக்குப் பழகிவிடக் கூடாது என்பதற்காக. அப்படி வளர்ந்த தாவ் தாவ் 2012 அக்டோபரில் லிஸிபிங் காப்பகத்தில் விடப்பட்டது. 2017இல் பிடித்துச் சோதித்தபோது நல்ல உடல்நிலையோடு இருந்தது. சோதனை முடிந்ததும் மறுபடி காட்டுக்கே விட்டார்கள்.