‘நேருக்கு நேர்’ கூட்டமா, ‘நேர்வருகை’க் கூட்டமா?

வணக்கம்.

உறுப்பினர்கள் ஓரிடத்திற்கு வந்து கூடும் கூட்டத்தை இணையவழிக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்ட ‘நேருக்கு நேர் கூட்டம்’ என்று எழுதலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. தமிழில் ‘நேருக்கு நேர்’ என்பது சந்திப்பைவிட எதிர்ப்பையே மிகுதியாக உணர்த்துகிறது. பேருந்தும் லாரியும் நேருக்கு நேர் மோதுகின்றன. தேர்தலில் இரு கட்சிகள் நேருக்கு நேர் களம் காண்கின்றன. மனத்தாங்கல் முற்றியவர் ‘நேருக்கு நேர் கேட்டுவிடுகிறேன்’ என்று புறப்படுகிறார். ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு இப்படித் தலைப்பிட்டு அழைப்பு அனுப்பினால், கணக்கில் ஏதோ தகராறு என்றுதான் எண்ணுவார்கள்.

சண்டைக் குறிப்பில்லாமல் நாம் வழங்கும் சொல் ‘நேரில்’ என்பதே. ‘நேரில் வந்து அழைத்ததாகக் கருதி’ வருகை தரும்படி திருமண அழைப்பில் வேண்டுகிறோம். நீதிமன்றம் ‘நேரில் ஆஜராக’ உத்தரவிடுகிறது. வழக்கிற்கு ‘நேரில் கண்ட சாட்சி’ தேவைப்படுகிறார். இவற்றில் எல்லாம் ஆள் அவ்விடத்தில் இருப்பதுதான் கருத்து. முகம் தெரிவது அன்று. காணொளி பரவுவதற்கு முன் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை பெரிதாக எழவில்லை. இப்போதோ முகமும் குரலும் உடனுக்குடன் வந்து சேர்கின்றன, ஆள்மட்டும் வருவதில்லை. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின் ‘இணையவழி நேர்முகத் தேர்வு’ என்று எவ்வித உறுத்தலும் இன்றி எழுதப்படுவதிலிருந்தே, ‘முகம்’ சேர்ந்த சொற்கள் இந்த வேறுபாட்டைத் தாங்கமாட்டா என்பது விளங்கும்.

ஆனால் ‘நேரில்’ வினையைத் தழுவி வருவது. ‘நேரில் கூட்டம்’, ‘நேரில் வகுப்பு’ என்று பெயருக்கு முன் அது ஒட்டாது. ‘நேரடி வகுப்பு’ செய்தித்தாள்களில் நிலைபெற்றுவிட்டது உண்மைதான். எனினும் ‘நேரடி ஒளிபரப்பு’ என்பதில் அதே சொல் உடனிகழ்வைக் குறிப்பதால், ‘நேரடிக் கூட்டம்’ என்பதை இணையத்தில் நேரடியாகக் காட்டப்படும் கூட்டம் என்றும் கொள்ள இடமிருக்கிறது. ‘நேர்வழி’ என்பது ‘இணையவழி’யோடு ஓசையில் பொருந்தினாலும் அறநெறியைச் சுட்டும் சொல்லாயிற்றே, இணையத்தில் வருவோர் குறுக்குவழியில் வருகிறார்கள் என்றாகிவிடும். ‘நேர்’, ‘அமர்வு’ இரண்டையும் ‘நேரமர்வு’ என்று புணர்த்தினால் கண் அதை ‘நேரம்’ என்றே முதலில் படிக்கிறது.

ஆகவே ‘நேர்வருகை’ என்பதை முன்வைக்கிறேன். வருகைப்பதிவேடு பழகிய நமக்கு ‘வருகை’ அயலாகத் தோன்றாது. ‘நேர்வருகைக் கூட்டம்’, ‘நேர்வருகை வகுப்பு’, ‘நேர்வருகையாளர்’ எனத் தொடர்களும் இயல்பாக அமையும். இணைய வகுப்பிலும் வருகை பதியப்படுகிறதே என்று கேட்கலாம். அந்த ஐயத்தை விலக்கத்தான் ‘நேர்’ என்ற அடை. நாட்காட்டிச் செயலியில் கூட்டத்தின் வகையைத் தெரிவுசெய்யும் பொத்தானில் மட்டும், இடம் குறுகலாக இருப்பதாலும் பெயர் எதுவும் பின்னொட்டாததாலும், ‘நேரில்’ என்றே விட்டுவிடலாம். இரு முறையும் கலந்த கூட்டத்தை ‘இருவழிக் கூட்டம்’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை, அது போக்குவரத்தையே நினைவூட்டுகிறது. ‘கலப்புமுறைக் கூட்டம்’ போதும்.