ஜப்பான் ஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர் வேலை மார்ச்சோட முடியுது. பிள்ளைங்ககிட்ட எப்படி விடைபெறுவது?

அல்சூர்வாசி:

வணக்கம். தங்கச்சி சைதாமா பக்கம் மூணு அரசு தொடக்கப்பள்ளியில ஏ.எல்.டி.யா இருக்கா. வகுப்பு ஆசிரியரோட கூட நின்னு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற வேலை. ஏஜென்சி கான்ட்ராக்ட், சரியா மூணு வருஷம். மார்ச் கடைசியில முடிச்சுட்டு பெங்களூரு வந்துடுறா, இங்க ஏதாவது இன்டர்நேஷனல் ஸ்கூலில் சேர உத்தேசம்.

பிள்ளைங்களை விட்டு வர்றதுக்கு அவ ஒரு பிளான் போட்டிருக்கா. இந்த ஜனவரியிலேயே வகுப்பில சொல்லிடுறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சாக்லேட், கையால எழுதின ஒரு கடிதம். ஆறாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு இன்ஸ்டாகிராம் ஐடி. ஸ்டாஃப் ரூமுக்கு நான் இங்கிருந்து மைசூர்பாக் அனுப்பணுமாம். இதெல்லாம் சரிப்படுமா? கட்டின பென்ஷன் பணம் திரும்பக் கிடைக்கும்னும் சொல்றாங்க. அதுக்கு இங்க நான் என்ன தயார் பண்ணி வைக்கணும்?

சாக்பீஸ் டப்பா:

பிளானை ஓரமா வைக்கச் சொல்லுங்க. மனசு நல்ல மனசுதான், ஆனா நாலும் அங்கே சிக்கல்.

ஜனவரியில சொல்றது கூடவே கூடாது. யார் மாறுறாங்க, யார் போறாங்கங்கிறது ஜப்பான் அரசுப் பள்ளியில மார்ச் கடைசியில அறிவிப்பு வர்ற வரைக்கும் வெளியே பேசுற விஷயம் இல்லை. ரெகுலர் டீச்சர்களுக்கே அந்தக் கட்டுப்பாடு உண்டு. முதல்ல ஏஜென்சிகிட்ட கேட்கணும், பிறகு ஒவ்வொரு பள்ளியிலும் துணைத் தலைமை ஆசிரியர்கிட்ட (க்யோத்தோ சென்செய்னு கூப்பிடுவாங்க) எந்தத் தேதியிலிருந்து பிள்ளைங்ககிட்ட சொல்லலாம்னு கேட்டுக்கணும். மூணு பள்ளிக்கும் ஒரே தேதி வாங்கினா நல்லது. ஒரு பள்ளியில சொன்னது டியூஷன், கால்பந்து வகுப்பு வழியா அன்னிக்கே அடுத்த பள்ளிக்குப் போயிடும்.

இதைவிட முக்கியம், கடைசி வகுப்பு எதுன்னு முன்கூட்டியே கண்டுபிடிக்கிறது. மார்ச்ல டைம் டேபிள் சுருங்கிடும். பட்டமளிப்பு ஒத்திகைக்காக இங்கிலீஷ் பீரியடைத்தான் முதல்ல எடுப்பாங்க. ஆறாம் வகுப்பு பட்டமளிப்பு முடிஞ்சதும் பள்ளிக்கே வராது. சுழற்சியில மூணு பள்ளிக்குப் போறவங்களுக்கு சில வகுப்போட கடைசி பீரியட் பிப்ரவரி கடைசியிலேயே வந்துட்டுப் போயிடும், அதுதான் கடைசின்னு தெரியாமலே. அதனால பிப்ரவரி முதல் வாரத்துல மூணு பள்ளியோட மார்ச் அட்டவணையையும் வாங்கி, ஒவ்வொரு வகுப்புக்கு நேரா கடைசித் தேதியைக் குறிச்சுக்கச் சொல்லுங்க. சொல்ல அனுமதி கிடைக்கிறதுக்கு முன்னாடியே கடைசி பீரியட் வந்துடுற வகுப்புகளுக்கு சாதாரணப் பாடமே எடுத்துட்டு, போஸ்டரை வகுப்பு ஆசிரியர்கிட்ட கொடுத்து வச்சுட்டு வரணும். அறிவிச்ச பிறகு அவர் மாட்டிடுவார்.

பீரியட் 45 நிமிஷம். அதுல 30 நிமிஷம் பாடமாவே போகட்டும். முழுக்க பிரிவுபசாரமா மாத்தினா மூணாம் வகுப்புப் பிள்ளைங்க பத்தாவது நிமிஷத்துல கலைஞ்சிடும், வகுப்பு ஆசிரியருக்கும் சங்கடம். பாக்கி 15 நிமிஷத்துல 10 நிமிஷம் விளையாட்டோ கேள்வி பதிலோ, 5 நிமிஷம் குரூப் போட்டோ. போட்டோ பள்ளிக் கேமராவில, வகுப்பு ஆசிரியர் எடுக்கட்டும். சட்டையில பெயர் அட்டை தொங்கும், அதனால அந்தப் படத்தை எங்கேயும் போஸ்ட் பண்ணக் கூடாது. ஆறாம் வகுப்புக்கு மூணாம் பருவத்துல "மை பெஸ்ட் மெமரி இஸ்" பாடம் வந்திருக்கும். டீச்சரே முதல்ல தன்னோட பெஸ்ட் மெமரியைச் சொல்லிட்டு அவங்களைக் கேட்கலாம். புது வார்த்தை ஒண்ணுகூடத் தேவைப்படாது.

"ஐ வில் மிஸ் யூ" மட்டும் வேண்டாம். ஜப்பானிய மொழியில "மிசு"ன்னா தப்பு, பிழை. பிள்ளைங்களுக்குத் தெரிஞ்ச ஒரே "மிஸ்" அதுதான். டீச்சர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஏதோ தப்பு பண்ணிட்டதாச் சொல்றாங்கன்னு முன் பெஞ்ச் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கும். "தேங்க் யூ, சீ யூ" போதும், எல்லா வகுப்புக்கும் தெரிஞ்ச சொற்கள். "சயோனாரா" சொன்னா நிரந்தரப் பிரிவு மாதிரி இருக்குமேன்னு தயங்க வேண்டாம். தொடக்கப்பள்ளியில தினமும் வீட்டுக்குப் போகும்போது சொல்றதே அதுதான். "திரும்பி வருவேன்"னு மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது. எட்டு வயசுப் பிள்ளை அதை நம்பிக் காத்திருக்கும்.

கடிதத்துக்கு ஒரு கணக்குப் போடுங்க. இங்கிலீஷ் இருக்கிறது 3 முதல் 6 வரைக்கும். வகுப்புக்கு ரெண்டு பிரிவுன்னு வச்சாலும் பள்ளிக்கு 8, மூணு பள்ளிக்கு 24 பிரிவு. பிரிவுக்கு 30 பேர்னா 720 கடிதம். ஒண்ணுக்கு மூணு நிமிஷம்னா 36 மணி நேரம். பாதியில கை விட்டுப்போச்சுன்னா கிடைக்காத பிள்ளைங்க பாடுதான் மோசம். எல்லாருக்கும் அல்லது யாருக்கும் இல்லை, அங்கே அதுதான் வழக்கம். அதனால பிரிவுக்கு ஒரு ஏ3 போஸ்டர், மொத்தம் 24. மூணாம் வகுப்புக்கு இங்கிலீஷ் பெரிய எழுத்துல மட்டும் எழுதணும், சின்ன எழுத்து அவங்களுக்கு நாலாம் வகுப்புலதான் வருது. கூட ஹிராகானாவில (சின்னப் பிள்ளைங்களும் படிக்கிற ஜப்பானிய எழுத்து) ஒரு வரி. ஒவ்வொரு போஸ்டர்லயும் அந்த வகுப்புக்கு மட்டும் பொருந்துற ஒரு விஷயம் இருக்கணும்: பாட்டை எப்பவும் அரை வேகம் கூட்டிப் பாடுற வகுப்பு, "ரெட்"டையும் "லெட்"டையும் மாத்தி மாத்திச் சொல்லி டீச்சரையே குழப்பின வகுப்பு, இந்த மாதிரி. அது இல்லாட்டி 24-ம் ஒரே ஜெராக்ஸ் மாதிரிதான் இருக்கும்.

சாக்லேட் கிடையவே கிடையாது. அலர்ஜி காரணமா வெளி உணவைப் பிள்ளைங்க கையில கொடுக்கப் பள்ளிகள் விடாது. இன்ஸ்டாவும் அப்படித்தான், மாணவர்களோட தனிப்பட்ட தொடர்பைக் கல்வி வாரியங்கள் தடுக்கும். பிள்ளைங்க எழுத விரும்பினா பள்ளி மூலமா எழுதட்டும்.

மல்லேஸ்வரம் 8-வது கிராஸ்:

மைசூர்பாக் அனுப்பாதீங்க சார். நெய் கசிஞ்சு, பாதி பொடியாகித்தான் போய்ச் சேரும். அங்கே ஸ்டாஃப் ரூமுக்கு வைக்கிற இனிப்பு தனித்தனியா பேக் பண்ணினதா இருக்கணும். மேசை மேசையா வச்சுட்டுப் போறது, எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோறதுன்னு அதுக்கு ஒரு முறை இருக்கு. கடலை மிட்டாயும் ஆகாது. பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை எல்லாம் அங்கே கட்டாயமா லேபிள்ல போட வேண்டிய அலர்ஜிப் பொருட்கள், நம்ம ஊர் டப்பாவில அது ஜப்பானிய மொழியில இருக்காது. அங்கேயே ஒரு பெட்டி வாங்கிடட்டும், ஆசிரியர்கள் எண்ணிக்கையோட மூணு நாலு கூட்டி. சமையல் அறை ஆட்களையும் அலுவலகத்தையும் எண்ணிக்கையில விட்டுடக் கூடாது.

நீங்க அனுப்பியே ஆகணும்னா சென்னபட்டணா மரப் பம்பரம் அனுப்புங்க. பிள்ளைக்கு ஒண்ணு இல்லை, பள்ளிக்கு ஒரு பை, பத்துப் பன்னிரண்டு. ஜப்பான்லயும் பம்பரம் உண்டு, "கோமா"ன்னு பேர். சின்ன வகுப்புல பழைய விளையாட்டுகள்னு ஒரு பாடமே நடத்துறாங்க. கூர் முனையில ஆணி இல்லாத, விரலால சுத்துற வகையா பார்த்து வாங்குங்க. மைசூரு ரோட்டுல சுமார் 60 கிலோமீட்டர்தான், நேர்ல போனா சாயம் சரியா ஏறியிருக்கான்னு தேய்ச்சுப் பார்த்து எடுக்கலாம்.

அல்சூர்வாசி:

ரெண்டு பேருக்கும் நன்றி. மேடையில பேசச் சொல்வாங்களாமே? அவளுக்கு ஜப்பானிய மொழி அவ்வளவா வராது.

சாக்பீஸ் டப்பா:

பள்ளி வருஷ நிறைவு விழாவிலோ, மாறிப் போறவங்களுக்கான விழாவிலோ (ரினின்ஷிகி) ஒரு நிமிஷம், மிஞ்சினா ரெண்டு நிமிஷம். முழுப் பள்ளியும் ஜிம் தரையில உட்கார்ந்திருக்கும், ஒண்ணாம் வகுப்பும் சேர்த்து. நாலு வாக்கியம் போதும். பெயர், எத்தனை வருஷம் இருந்தாங்க, குறிப்பா ஒரு நினைவு, நன்றி. நன்றியை இறந்த காலத்துல, "அரிகாத்தோ கொசாய்மஷ்தா"ன்னு சொல்லணும். முடிஞ்சுபோன காலம் முழுசுக்குமான நன்றி அது. ஸ்டாஃப் ரூம்ல "ஒசெவா நி நாரிமஷ்தா", அதாவது என்னைப் பார்த்துக்கிட்டதுக்கு நன்றி. கடைசியா இங்கிலீஷ்ல "சீ யூ!"ன்னு சொல்லிட்டு ஒரு நொடி நிறுத்தணும். நிறுத்தினாத்தான் பதில் வரும், அதுக்குள்ள தலை வணங்கிட்டா பிள்ளைங்க குழம்பிடுவாங்க. சொல்லிட்டு அப்புறம் வணங்கலாம்.

பிள்ளைங்க எல்லாரும் கையெழுத்துப் போட்ட சதுர அட்டை கிடைக்கும், சுமார் 24 க்கு 27 சென்டிமீட்டர். பளபளப்புப் பேனா மை ஒட்டிக்கும், நடுவுல பட்டர் பேப்பர் வச்சு கேபின் பையில கொண்டுவரட்டும்.

கணக்குப்பிள்ளை:

பென்ஷன் விஷயத்துக்கு வருகிறேன். இதில் தேதி தவறினால் பணம் போய்விடும்.

ஏஜென்சி சம்பளத்தில் ஊழியர் பென்ஷன் பிடித்திருந்தால், குறைந்தது 6 மாதம் கட்டியவருக்கு ஒட்டுமொத்தத் தொகை உண்டு. ஜப்பான் முகவரியை நீக்கிய 2 வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தொகையைக் கணக்கிட சராசரி மாதச் சம்பளத்தை (பென்ஷனுக்காக நிர்ணயித்த சம்பளப் படிநிலை) மாதங்களுக்கான விகிதத்தால் பெருக்குவார்கள். 36 முதல் 41 மாதங்களுக்கு விகிதம் 3.3. சராசரி 2,40,000 யென் என்றால் 7,92,000 யென். அதில் 20.42% வரி, அதாவது 1,61,726 யென் பிடித்துக்கொண்டு 6,30,274 அனுப்புவார்கள். 35 மாதம்தான் கணக்கில் வந்தால் விகிதம் 2.7 ஆகிவிடும், அதாவது 6,48,000. ஒரு மாதக் குறைவுக்கு 1,44,000 யென் இழப்பு. ஆகவே வேலையில் சேர்ந்த தேதியையும் கடைசி நாளையும் ஒப்பந்தத்தில் பார்த்து, 36 முழு மாதம் வருகிறதா என்று எண்ணுங்கள். மாதக் கடைசி நாளுக்கு முன்பே வேலை முடிந்ததாகக் காட்டினால் அந்த மாதம் கணக்கில் வராது. 30-ஆம் தேதியா 31-ஆம் தேதியா என்பது இங்கே பெரிய விஷயம்.

பிடித்த அந்த வரியைத் திரும்ப வாங்கலாம். அதற்கு ஜப்பானில் வசிக்கும் ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமித்து, கிளம்பும் முன்பே வரி அலுவலகத்தில் படிவம் கொடுத்துவிடுவது சுலபம். பென்ஷன் வந்ததும் வருகிற முடிவு அறிவிப்புக் கடிதத்தின் அசலை அவருக்கு அனுப்ப வேண்டும்.

நீங்கள் பெங்களூரில் செய்ய வேண்டியது வங்கிக் கணக்கு. நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், வங்கியில் இனிஷியல் மட்டும் இருக்கும். ஜப்பான் பென்ஷன் அலுவலகம் இரண்டு பெயரும் ஒத்துப்போவதைப் பார்க்கும். பாஸ்போர்ட் நகல் கொடுத்து வங்கிப் பெயரை இப்போதே திருத்தச் சொல்லுங்கள். அதோடு, பெயர், கணக்கு எண், கிளை முகவரி, ஸ்விஃப்ட் கோடு (வெளிநாட்டுப் பணம் வந்து சேர வங்கிக்கு உள்ள அடையாளக் குறி) ஆகிய நான்கும் ஆங்கிலத்தில் உள்ள, முத்திரையிட்ட வங்கிக் கடிதம் ஒன்று வாங்கி வையுங்கள். எல்லாக் கிளைக்கும் தனி ஸ்விஃப்ட் கோடு இருக்காது. எந்தக் கிளையின் கோடு போட வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தொகையை வாங்கிவிட்டால் அந்த 36 மாதம் பென்ஷன் கணக்கிலிருந்து அழிந்துவிடும். இந்தியா, ஜப்பான் இடையே 2016 அக்டோபர் முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது, இரு நாட்டுக் காலத்தையும் சேர்த்துக் காட்டலாம். மறுபடி ஜப்பான் போகும் எண்ணம் இருந்தால் விண்ணப்பிக்கும் முன் யோசிக்கட்டும்.

குடியிருப்பு வரியை மறந்துவிடுகிறார்கள். ஜனவரி 1 அன்று எங்கே வசித்தாரோ அந்த நகராட்சி, முந்தைய ஆண்டு வருமானத்துக்கு ஜூனில் பில் போடும். மார்ச்சில் கிளம்பினாலும் அது வரும். பழைய பில்லில் மே வரை உள்ள பாக்கியைக் கடைசிச் சம்பளத்தில் ஒரே தடவையாகப் பிடிப்பார்கள். கடைசிச் சம்பளம் எதிர்பார்த்ததில் பாதிதான் வந்தது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கிளம்பும் வேலைகள்: வாடகை வீட்டுக்கு ஒரு மாத நோட்டீஸ் (ஒப்பந்தத்தில் 2 மாதம் போட்டிருந்தால் இப்போதே), நகராட்சியில் வெளியேறும் அறிவிப்பு கிளம்புவதற்கு 14 நாள் முன்னதிலிருந்து கொடுக்கலாம், பெரிய குப்பை எடுக்க முன்பதிவு. மார்ச் கடைசி அங்கே வீடு மாறும் சீசன், மெத்தை, ஃபிரிட்ஜ் எடுக்க நாள் கிடைக்காது. பிப்ரவரியிலேயே பதிந்துவிட வேண்டும். விமான நிலையத்தில் வசிப்பிட அட்டையைக் கொடுத்துவிட வேண்டும். அங்கே நிரப்பும் படிவத்தில், மறுபடி வருவதாகச் சொல்லும் கட்டத்தில் டிக் போடக் கூடாது.

மல்லேஸ்வரம் 8-வது கிராஸ்:

இங்க வேலைக்குன்னா ரெண்டு பேப்பர் அங்கேயே வாங்கிட்டு வரட்டும். ஒண்ணு, ஏஜென்சியிடமிருந்து ஆங்கிலத்துல அனுபவச் சான்று: பள்ளிகள், வகுப்புகள், வாரத்துக்கு எத்தனை பீரியட், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி. "மூணு வருஷம் வேலை பார்த்தார்"னு ஒரு வரிக் கடிதம் இங்கே எடுபடாது. இன்னொண்ணு, ஜப்பான் போலீஸ் சான்று. வெளிநாட்டுல இருந்து வர்ற ஆசிரியர்கிட்ட பல இன்டர்நேஷனல் ஸ்கூல் இதைக் கேட்குது. மாநிலப் போலீஸ் தலைமையகத்துல கைரேகை கொடுத்து வாங்கணும், எதுக்குத் தேவைன்னு காட்ட ஒரு கடிதம் கேட்பாங்க. இங்கே வந்தப்புறம்னா பெங்களூரில இருக்கிற ஜப்பான் தூதரக அலுவலகம் வழியா வாங்கலாம், ஆனா மாசக் கணக்கா இழுக்கும்.

பி.எட். இல்லாட்டி சி.பி.எஸ்.இ. பள்ளிகள்ல அந்த மூணு வருஷம் மட்டும் போதாது, அதையும் இப்பவே அவகிட்ட சொல்லிடுங்க.

அல்சூர்வாசி:

பி.எட். இருக்கு. வங்கிப் புத்தகத்துல இனிஷியல்தான் இருக்கு, நாளைக்கே கிளைக்குப் போறேன். கான்ட்ராக்ட்ல கடைசி நாள் மார்ச் 30-ன்னு போட்டிருக்கு. ஏஜென்சியிடம் பேசச் சொல்லி இப்பத்தான் மெசேஜ் போட்டேன்.

கணக்குப்பிள்ளை:

மெயிலில் கேட்கச் சொல்லுங்கள், போனில் வேண்டாம். 31-க்கு மாற்றினால் மார்ச் மாத பென்ஷன் பிடித்தமும் சம்பளத்தில் ஒரு தடவை கூடும், ஏஜென்சியும் தன் பங்கைக் கட்ட வேண்டும். 30 என்று போடுவதே அதற்காகத்தான் இருக்கும்.