அஞ்சல்பெட்டிக் கூரையடியில் பெஞ்ச் போட்டால் அது 'கூடுமிடமா'?

டெக்சாஸ், ஃப்ரிஸ்கோவில் காண்டோ (சொந்த அடுக்குமாடி வீடுகள்) வளாகம். ஒவ்வொன்றிலும் 16 கதவு, 2 பார்சல் லாக்கர் என மூன்று பொது அஞ்சல்பெட்டிகள், மேலே ஒரு கூரை. அம்மாவுக்கு இந்த ஊரில் கிடைத்த தோழிகள் எல்லாருமே அந்த நிழலில் கிடைத்தவர்கள்தான். மார்ச்சில் அங்கே ஒரு பெஞ்ச் போட்டேன். இரண்டே வாரத்தில் வளாகத்தின் வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து கடிதம்: "கூடுமிடம் அமைக்க அனுமதியில்லை, எடுங்கள்."

சங்கத்தின் விதிப்புத்தகம் முழுக்கப் படித்துவிட்டேன். கூடுமிடம் என்று கிளப்ஹவுஸும் நீச்சல்குளமும்தான் பெயரோடு இருக்கின்றன. மத்திய அரசின் வீட்டுவசதி விதியில் 'பொதுப் பயன்பாட்டு இடம்' என்பதில் லாபியோடு அஞ்சல் அறையும் வருகிறது, ஆனால் அது மாற்றுத்திறனாளிகள் வசதிக்காக வந்த விளக்கம். அஞ்சல்காரரோ, வழியை மறைக்காவிட்டால் சரி என்றார். சங்கத்துக்கு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை.

இப்படி ஒரு பெஞ்சுக்குச் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கியவர்கள், எந்த விதியைக் காட்டி வாங்கினீர்கள்?